எழுபதுகளின் இசைத்தட்டைக் கணினியில் ஏற்ற

எழுபதுகளில் தமிழ்ப் படப்பாடல்கள் பல வீடுகளுக்கு வந்தது 7 அங்குல இ.பி. (எக்ஸ்டெண்டட் ப்ளே) தட்டில்தான். நிமிடத்துக்கு 45 சுற்று, பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு பாட்டு.

முதலில் கழுவ வேண்டும். அழுக்கோடு ஓட்டினால் ஊசி அந்தத் துகள்களைப் பள்ளத்திலேயே போட்டு அரைக்கும். அந்தச் சேதத்தை எந்த மென்பொருளும் சரிசெய்யாது. 200 மி.லி. டிஸ்டில்ட் வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு போதும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடு லேபிள் நனையக் கூடாது. வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் மறுபடி துடைத்து, நிழலில் நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம்: காய்ந்ததும் படியும் உப்பே சடசடக்கும். பழைய 78 சுற்று அரக்குத் தட்டில் ஆல்கஹால் படவே கூடாது, கரைந்துவிடும்.

ஊசி தட்டை அழுத்தும் எடையை, கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சிறு பாகம்) தயாரிப்பாளர் சொன்னபடி வையுங்கள்; பல கார்ட்ரிட்ஜ்களுக்கு 2 கிராம் அளவில் வரும். குறைத்தால் தட்டு பிழைக்கும் என்பது தவறான எண்ணம். ஊசி துள்ளித்தான் பள்ளத்தைக் கெடுக்கும்.

ஒலி தகரம்போல் மெலிந்து கேட்கிறதா? தட்டு சுழலும் கருவிக்கும் கணினிக்கும் நடுவில் ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசி தரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) இல்லை என்று பொருள். தட்டு வெட்டும்போது கனத்த ஒலியைக் குறைத்து, கூர்மையான ஒலியைக் கூட்டியிருப்பார்கள். அதைத் திருப்பிச் சமன்செய்வது ப்ரீஆம்ப்தான்.

ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டியில் 24 பிட், 44,100 ஹெர்ட்ஸ் என்று அமையுங்கள். உச்ச ஒலி −6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். மோனோ (ஒற்றைச் சேனல்) தட்டானால் இரு சேனல்களையும் கலந்து ஒன்றாக்குங்கள், இரைச்சல் கணிசமாக அடங்கும். மூலப் பதிவை, ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் (FLAC) கோப்பாகப் பத்திரப்படுத்தி, நகலில் மட்டும் சடசடப்பை நீக்குங்கள். இரைச்சல் நீக்கியை அளவுமீறிப் போட்டால் பாடகரின் மூச்சும் சேர்ந்து போய்விடும்.