வேறு மாநிலத்தில் ஸ்பீடிங் டிக்கெட்: வாங்கியவர் செய்ய வேண்டியவை, வரிசையாக

அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருந்து ஐ-95 நெடுஞ்சாலையைப் பிடித்து வட கரோலினாவில் உள்ள நண்பர் வீட்டுக்குப் போகிறீர்கள். வழியில் வர்ஜீனியாவில் பின்னால் நீல விளக்கு. ஓரம் கட்டினால், வேக எல்லையைத் தாண்டியதற்கு ஒரு தாளை, அதாவது டிக்கெட்டை, கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வீடு திரும்பியதும், "நாம்தான் வேறு மாநிலமாயிற்றே, அவர்களால் என்ன செய்துவிட முடியும்?" என்று தோன்றும். நிறைய செய்ய முடியும். அதை விவரமாகச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் நண்பர் ஒருவர் தெற்கே ஒரு சின்ன ஊரில் டிக்கெட் வாங்கினார். சில மாதத்தில் புராஜெக்ட் மாறி வீடும் மாறினார். லைசென்ஸில் பழைய முகவரியே இருந்தது. எச்-1பி வேலை விசா நீட்டிப்புக் கிடைத்ததும் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோதுதான், அது சஸ்பெண்ட் ஆகி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது என்று கவுன்டரில் சொன்னார்கள். கடிதமெல்லாம் பழைய அபார்ட்மென்டுக்குப் போயிருக்கிறது. அத்தனை நாளும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். நம்மில் பலருக்கு லைசென்ஸ் காலாவதியும் விசா தேதியும் ஒன்றாகவே வரும் என்பதால், மற்றவர்களைவிட அடிக்கடி அந்தக் கவுன்டரில் போய் நிற்கிறோம். பழைய டிக்கெட் மாட்டுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

நம் மாநிலத்துக்கு எப்படித் தெரிகிறது?

ஒரு காலத்தில் வெளிமாநில வண்டி பிடிபட்டால், அங்கேயே பிணைத்தொகை கட்டச் சொல்வார்கள், அல்லது நேராக நீதிபதியிடம் கூட்டிப்போவார்கள். ஓட்டுநர் ஊர் திரும்பிவிட்டால் பிடிக்க முடியாது என்பதே காரணம். இதை மாற்ற 1970-களில் மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அதன் பெயர் நான்-ரெசிடென்ட் வயலேட்டர் காம்பாக்ட். "டிக்கெட்டுக்குப் பதில் சொல்கிறேன்" என்ற உங்கள் வாக்கை நம்பி அனுப்பிவிடுவார்கள். வாக்கு தவறினால் உங்கள் சொந்த மாநிலத்துக்குத் தகவல் போகும். பிரச்சினையை நீங்கள் முடிக்கும்வரை அந்த மாநிலம் லைசென்ஸை சஸ்பெண்ட் செய்யும். டிக்கெட்டில் போடும் கையெழுத்தும் இந்த வாக்குக்குத்தான், குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு அல்ல.

44 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் இதில் இருக்கின்றன. கலிஃபோர்னியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஓரிகன், மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஆறும் இல்லை. அதனால் அங்கே வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். டிக்கெட் கொடுத்த மாநிலம் தன் எல்லைக்குள் நீங்கள் ஓட்டும் உரிமையை ரத்து செய்யலாம். அப்படி ரத்தானவர்களின் பெயர் நேஷனல் டிரைவர் ரெஜிஸ்டர் என்ற மத்திய அரசுப் பதிவேட்டுக்குப் போகிறது. லைசென்ஸ் கொடுக்கும்போது மாநிலங்கள் இதைப் பார்க்கின்றன.

படி 1: தாளை முழுவதும் படியுங்கள்

டிக்கெட் எண், கோர்ட் பெயர், கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), பதில் சொல்லக் கடைசித் தேதி, சட்டப்பிரிவு எண். இந்த ஐந்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம், நேரில் வந்தே ஆக வேண்டும் என்று எங்காவது குறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

வர்ஜீனியா டிக்கெட் என்றால் கூடுதல் கவனம் தேவை. அங்கே வேக எல்லையைவிட 20 மைலோ அதற்கு மேலோ போனாலும், எல்லை எதுவாக இருந்தாலும் 85 மைலைத் தாண்டினாலும், அது ரெக்லெஸ் டிரைவிங், அதாவது பொறுப்பற்று ஓட்டிய குற்றம். 70 மைல் சாலையில் 86 போனாலே போதும். இது கிளாஸ் 1 மிஸ்டிமீனர், அதாவது குற்ற வழக்கு. 12 மாதம் வரை சிறையும் 2,500 டாலர் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. தாளில் 46.2-862 என்ற பிரிவு இருந்தால் தாமதிக்காமல் அந்த கவுன்ட்டியில் வாதாடும் வக்கீல் ஒருவரைப் பிடியுங்கள்.

படி 2: கோர்ட்டின் தளத்தைத் தேடுங்கள்

தாளில் உள்ள கோர்ட் பெயரை வைத்து நீங்களே தேடிப் போங்கள். போனில் வரும் "அபராதம் பாக்கி" குறுஞ்செய்திகளில் பெரும்பாலானவை மோசடி, அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். டிக்கெட் எண்ணைப் போட்டு எதுவும் வரவில்லை என்றால், பதிவேற்றச் சில நாட்கள் ஆகலாம். சரி, வரவில்லையே என்று விட்டுவிடாமல் கடைசித் தேதிக்கு முன் கிளர்க்குக்கு போன் செய்து கேளுங்கள். அவகாசம் வேண்டுமானாலும் அப்போதே கேட்கலாம். பல கோர்ட்டுகளில் கொடுப்பார்கள்.

படி 3: கட்டுவதா, வாதாடுவதா?

அபராதத்தைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே பதிவாகும். அதன் விளைவு உங்கள் லைசென்ஸ் எந்த மாநிலத்தது என்பதைப் பொறுத்தது. நியூஜெர்சி லைசென்ஸ் என்றால் வெளிமாநில விதிமீறலுக்கு 2 பாயின்ட் (விதிமீறலுக்காக லைசென்ஸ் பதிவில் ஏறும் தண்டனைப் புள்ளி). நியூயார்க் லைசென்ஸுக்கு மற்ற மாநில ஸ்பீடிங்குக்குப் பாயின்ட் கிடையாது. பாயின்ட் ஏறாவிட்டாலும் இன்சூரன்ஸ் கட்டணம் ஏறலாம்.

கோர்ட் பல நூறு மைல் தள்ளி இருந்தால், சாதாரண ஸ்பீடிங் வழக்குகளில் பெரும்பாலும் உங்கள் சார்பில் வக்கீல் மட்டும் போனால் போதும். பாயின்ட் இல்லாத சிறு மீறலாகக் குறைத்துத் தருமாறு அவர் கேட்பார். பத்து மைல் அதிகம் போனதற்கு வக்கீல் வைப்பது தேவையில்லை என்பது என் எண்ணம். இருபதைத் தாண்டினால் கட்டாயம் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

ஜார்ஜியாவில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு லேன் சாலையில் 75 மைலோ, மற்ற சாலைகளில் 85 மைலோ, அதற்கு மேலோ போயிருந்தால், கோர்ட் அபராதம் கட்டிய பிறகும் மாநிலத்திடமிருந்து 200 டாலருக்குத் தனியாக ஒரு கடிதம் வரும். சூப்பர் ஸ்பீடர் கட்டணம் என்பது இதுதான். ஏற்கெனவே கட்டிவிட்டோமே என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதைக் கட்டாவிட்டாலும் சஸ்பென்ஷன்தான்.

படி 4: தேதி தாண்டிவிட்டதா?

பதற வேண்டாம். ஆனால் முதலில் வண்டி ஓட்டுவதை நிறுத்துங்கள். சஸ்பெண்ட் ஆன லைசென்ஸோடு ஓட்டுவது பல மாநிலங்களில் குற்றம். ஸ்பீடிங்கோடு முடிந்திருக்க வேண்டியது கைதில் போய் நிற்கும்.

பிறகு டிக்கெட் கொடுத்த கோர்ட்டின் கிளர்க்கை அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது? வாரன்ட் ஏதும் உண்டா? தாமதக் கட்டணத்தோடு மொத்தம் எவ்வளவு? வாரன்ட் இருக்கிறது என்றால் வக்கீல் இல்லாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

பணம் கட்டியதும், விஷயம் முடிந்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதத்தை உங்கள் மாநில டிஎம்வியில் (லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம்) கொடுத்து, லைசென்ஸை மீட்கும் கட்டணத்தையும் கட்ட வேண்டும். என் நண்பர் இந்த இடத்தில்தான் மூன்று வாரம் தவித்தார். கோர்ட்டில் கட்டியதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துவிட்டார். இரண்டு மாநில அலுவலகங்களுக்கு நடுவே கடிதத்தைக் கொண்டுசேர்ப்பது நம் வேலை.

விசாவில் இருப்பவர்களுக்கு

வெறும் ஸ்பீடிங் அபராதத்தால் விசா போய்விடாது. வாரன்டும் மிஸ்டிமீனரும் வேறு விஷயம். கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவம், போலீஸ் எப்போதாவது கைது செய்ததா, சைட்டேஷன் (டிக்கெட் போன்ற நோட்டீஸ்) கொடுத்ததா என்று கேட்கிறது. எனவே கோர்ட்டின் இறுதி முடிவைச் சான்றளித்த நகலாக வாங்கிப் பாஸ்போர்ட் இருக்கும் கோப்பிலேயே வைத்துவிடுங்கள். சில வருடம் கழித்து அந்தச் சின்ன ஊர் கோர்ட்டில் பழைய ஆவணத்தைத் தேடிப்பிடிப்பது லேசான வேலை இல்லை.

படி 5: ஒருமுறை சரிபாருங்கள்

எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, உங்கள் மாநில டிஎம்வி தளத்தில் சிறு கட்டணம் கட்டி உங்கள் டிரைவிங் ரெக்கார்டை எடுத்துப் பாருங்கள். லைசென்ஸ் நிலை சரியாக இருக்கிறதா, முகவரி இப்போதைய வீடுதானா என்று பாருங்கள். முகவரி பழையது என்றால் அப்போதே மாற்றிவிடுங்கள்.