பெயின்ட்டுக்கு அடியில் இருந்த ஊளை

பழைய காரில் ஆம்ப்ளிஃபயர் பொருத்திய நாளிலிருந்து ஸ்பீக்கரில் ஓர் ஊளை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் சுருதி ஏறியது. ஆடியோ கேபிளை மாற்றினேன், ஃபில்டர் மாட்டினேன். நான்கு நாள் வீண். ஆம்ப்ளிஃபயரிலிருந்து கார் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கிய எர்த் வயரை (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) மல்டிமீட்டரில் ஓம், அதாவது மின்தடை அளவில் வைத்துப் பார்த்தபோது ஏறக்குறைய பூஜ்யம் காட்டியதால் அதைச் சந்தேகிக்கவே இல்லை. அங்கேதான் ஏமாந்தேன். மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது. அதற்கு போல்ட் மரையில் பட்டும் படாமலும் இருக்கும் தொடுகையே போதும்; ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் பெரிய மின்னோட்டத்துக்குப் போதாது.

பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே டிசி வோல்ட் பார்த்தேன்: 0.7. எர்த் நன்றாக இருந்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்டியிருக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றினால், எர்த் வயரின் வளைய முனைக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருக்கிறது! உப்புத்தாளால் தகடு பளிச்சிடும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, துருப்பிடிக்காமலிருக்க மேலே வாசலின் பூசினேன். இப்போது 0.05 வோல்ட். ஊளை நின்றது, அப்பாடா.