அல்சைமருக்கு என்சைம் தடுப்பான்: டோனெபெசிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்

என்சைமை அடக்கும் மருந்து மூலக்கூறை முதல்முறை வடிவமைப்பவர் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற என்சைமை இலக்காக எடுத்துக்கொள்ளுங்கள்; டோனெபெசில் இதை அடக்கும் அல்சைமர் மருந்து. நினைவுக்குத் தேவையான, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினை உடைப்பது இந்த என்சைம்தான், அல்சைமரில் அசிட்டைல்கோலினோ ஏற்கெனவே குறைந்துபோயிருக்கும். என்சைமைத் தடுத்தால் அசிட்டைல்கோலின் உடைவது குறையும்; நோயை அது நிறுத்தாது, அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கும்.

புரத வடிவங்களின் தரவுத்தளமான பிடிபியில் 4ஈஒய்7 கோப்பைத் திறந்து பாருங்கள். மனித என்சைமுக்குள் டோனெபெசில் இருக்கும் விதம் எனக்கு இன்னும் வியப்புதான்: சுமார் 20 ஆங்ஸ்ட்ராம் (அதாவது 2 நானோமீட்டர்) ஆழத்துக்குக் குறுகலான குழி, அடியில் டிரிப்டோஃபேன் 86 (புரதச் சங்கிலியில் 86ஆம் எண் அமினோ அமிலம்), வாயருகே டிரிப்டோஃபேன் 286, பென்சைல் முனை கீழே, இண்டனோன் முனை மேலே என்று மருந்து நீளவாக்கில் பொருந்தி நிற்கிறது. உங்கள் மூலக்கூறும் இரண்டு இடத்தையும் தொட்டால் பிடி இறுகும்.

அப்புறம் டாக்கிங், அதாவது மூலக்கூறு என்சைமுக்குள் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிப்பது. அதற்கான ஆட்டோடாக் வினா மென்பொருளில் முதலில் டோனெபெசிலையே எடுத்துவிட்டு மறுபடி பொருத்துங்கள். படிகத்தில் இருந்த நிலையிலிருந்து விலகல் 2 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டினால் அமைப்பைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

டாக்கிங் தரும் மதிப்பெண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மூளைக்குள் நுழைய மூலக்கூறு எடை 450 டால்டனுக்குள், துருவப் பரப்பு (ஆக்சிஜன், நைட்ரஜன் போன்ற துருவ அணுக்களின் பரப்பு) 90 சதுர ஆங்ஸ்ட்ராமுக்குள் இருப்பது நல்லது. கல்லீரலையும் மறக்காதீர்கள், 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இதே வகை மருந்தான டாக்ரின் அங்கேதான் சறுக்கியது.

கடைசியாக, என்சைமின் வேகத்தை நிறமாற்றத்தால் அளக்கும் எல்மன் சோதனை: ஒளி உறிஞ்சலை 412 நானோமீட்டரில் அளவெடுங்கள், மஞ்சள் நிறம் மெதுவாக ஏறினால் என்சைம் அடங்குகிறது.