பழைய போர் விமானப் பாகம் கையில் கிடைத்தால்: கழுவும் முன் எண்ணைப் படியுங்கள்

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய சாமான் குவியலிலிருந்து அலுமினியத் துண்டு ஒன்றை வாங்கினேன். ஓரமெல்லாம் ரிவெட் ஓட்டை, உள்பக்கம் மங்கிய பச்சைப் பெயின்ட். வீட்டுக்கு வந்ததும் கம்பி நாரால் தேய்த்துவிட்டேன். தகட்டில் மையால் அச்சடித்திருந்த எழுத்தில் பாதி அதோடு போனது. மிஞ்சியது ‘ஆல்க்லாட் 24எஸ்’ மட்டும், விமானத்துக்கான அலுமினியத் தகட்டு வகையின் பெயர் அது.

1. முதலில் படம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பாகத்தை ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். குத்தெழுத்து நிழலோடு எழுந்து தெரியும். தெரியவில்லையா? மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேயுங்கள், சின்ன வயதில் காசுக்குச் செய்ததுபோல.

2. எண். நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். வார்ப்புப் பாகங்களில் புடைத்து நிற்கும் எண் பெரும்பாலும் கடைவதற்கு முந்தைய வெறும் வார்ப்பினுடையது. கடைந்து முடித்த பாகத்தின் எண் தனியாகக் குத்தப்பட்டிருக்கும். புடைத்ததை வைத்துக்கொண்டு பல நாள் தேடினேன். கிரீடமும் ‘ஏ.எம்.’ எழுத்தும் இருந்தால் பிரிட்டிஷ் விமான அமைச்சகப் பொருள். ‘6ஏ’ என்று தொடங்கும் எண் விமானக் கருவிகளுக்கு. ‘28’ என்று தொடங்கினால் தண்ணீரில் இறங்கும் கேட்டலினா விமானத்தினுடையதா என்று பாருங்கள், அதைச் செய்த அமெரிக்க கன்சாலிடேட்டட் நிறுவனத்தில் அதன் மாடல் எண் அது, லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு 32. போர்க்காலத்தில் நம் செங்குன்றம் ஏரியிலேயே கேட்டலினா இறங்கியிருக்கிறது! இன்னொன்று: 1954-இல் அமெரிக்கர்கள் உலோகக் கலவைகளுக்கு நான்கு இலக்கப் பெயர் வைத்தார்கள், 24எஸ் 2024 ஆனது. என் துண்டு அதற்கு முந்தையது என்று அந்தப் பாதி எழுத்துதான் சொன்னது.

3. சுத்தம். கடலோர போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு அலுமினியத்தை அரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். பித்தளை விளக்குக்குப் போடும் புளி, எலுமிச்சை, சலவை சோடா எதுவும் கூடாது. கறைக்கு மூங்கில் குச்சிதான் என் தேர்வு. கத்தியும் கம்பி நாரும் ஆல்க்லாடின் மேலிருக்கும் மெல்லிய தூய அலுமினியப் படலத்தைச் சுரண்டிவிடும். பச்சைப் பெயின்ட்டில் குரோமேட் இருக்கும், அந்தத் தூசி புற்றுநோய் தரக்கூடியது. உப்புத்தாள் போடாதீர்கள்.

சேர்க்கை: கடலூர் வாசகர் ஒருவர், விமானக் கருவியின் டயலைத் திறந்து முள்ளைத் துடைக்கலாமா என்று கேட்டிருந்தார். திறக்காதீர்கள். முள்ளில் ரேடியம் பூச்சு இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லை என்றால் ஒளிரும் பொருள்தான் செத்திருக்கிறது. ரேடியம் பாதியாகவே 1600 ஆண்டு ஆகும். கண்ணாடி உடைந்திருந்தால் பையில் போட்டு இறுக மூடி, குழந்தைகள் கைபடாமல் தனியே வையுங்கள்.