போட்டோவுக்கு பிரேம் வாங்கப் போகிறீர்களா? எதை எதைப் பார்க்க வேண்டும்?

பிரேம் கடைக்குள் நுழைந்ததும் கண் போவது சுவரில் தொங்கும் சட்டங்களின் மேல்தான். தங்க நிறம், தேக்கு நிறம், கறுப்பு என்று வரிசையாக இருக்கும். அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் படம் இருபது வருஷம் கழித்தும் நன்றாக இருக்குமா என்பதை முடிவு செய்வது சரியான அளவும், கண்ணாடிக்குள்ளே படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையும்.

1. வீட்டிலேயே அளவெடுங்கள்

ரெடிமேட் பிரேமில் 8×10 என்று போட்டிருந்தால் அது உள்ளே வைக்கும் படத்தின் அளவு, அங்குலத்தில். சட்டம் ஒரு அங்குல அகலம் என்றால் வெளியளவு ஏறக்குறைய 9½×11½ வரும். சுவரில் இடம் பார்க்கும்போது இதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். சட்டத்தின் உள்விளிம்பு படத்தை நாலு பக்கமும் கால் அங்குலம் வரை மறைக்கும். ஓரத்தில் கையெழுத்தோ தேதியோ இருந்தால் முன்கூட்டியே கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள்.

பிரிண்ட் போடும்போதே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பெரும்பாலான போன்கள் 4:3 விகிதத்தில் படம் எடுக்கும். 6×8 பிரிண்ட் அதற்கு அப்படியே பொருந்தும். 4×6, 8×12 இரண்டும் 3:2 விகிதம், பெரும்பாலான டிஎஸ்எல்ஆர் கேமரா படங்களுக்கு ஏற்றது. 8×10 போட்டால் இரண்டு வகையிலும் கொஞ்சம் வெட்டுப்படும். கல்யாண குரூப் போட்டோவில் ஓரமாக நிற்கும் சித்தப்பாவின் தோள் போய்விடக் கூடாது, பாருங்கள். சான்றிதழ் என்றால் ஏ4 பிரேம் என்றே கேளுங்கள். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ., அதாவது 8¼ அங்குலத்துக்கும் சற்று கூடுதல். 8×12 பிரேமுக்குள் நுழையாது.

2. மவுண்ட் போடச் சொல்லுங்கள்

படத்தைச் சுற்றி வெள்ளையாகவோ கிரீம் நிறத்திலோ ஓர் அட்டைக் கரை தெரியுமே, அதுதான் மவுண்ட். அழகுக்காக மட்டும் போடுவது என்று நினைத்துப் பலர் வேண்டாம் என்கிறார்கள். அது செய்யும் பெரிய வேலை, போட்டோ கண்ணாடியில் படாமல் தள்ளி வைப்பது. போட்டோ தாளின் மேல்பூச்சு ஈரக்காற்றில் இளகும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது முகத்தோடு உரிந்து வந்துவிடும். கடலோர ஊர்க்காரர்கள் இதில் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

5×7 படத்துக்கு 8×10 பிரேம், 8×10 படத்துக்கு 11×14 பிரேம் வாங்கினால் மவுண்டுக்கு இடம் சரியாக இருக்கும். மவுண்டின் நடுவே வெட்டிய ஜன்னல் படத்தைவிடப் பக்கத்துக்கு அரைக்கால் அங்குலம் சிறியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் நழுவும். வெட்டிய மூலைகளை அருகில் வைத்துப் பாருங்கள். 45 டிகிரி சாய்வாக வெட்டிய விளிம்பு நாலு மூலையிலும் கூர்மையாகச் சேர வேண்டும்; பிளேடு மூலையைத் தாண்டி ஓடிய கீறல் இருந்தால் வேறு வெட்டித் தரச் சொல்லுங்கள். அமிலமற்ற அட்டை கிடைக்குமா என்றும் கேளுங்கள். சாதா அட்டை நாளாவட்டத்தில் பழுத்து, அந்த மஞ்சள் கறை படத்திலும் ஏறும்.

3. பழைய போட்டோ என்றால்

தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்தை நேரடியாக பிரேம் போடக் கொடுக்காதீர்கள். ஸ்கேன் செய்து, நல்ல பிரிண்ட் எடுத்து, அதை மாட்டுங்கள். அசல் வெளிச்சம் படாத, ஈரமில்லாத இடத்தில் இருக்கட்டும். அசலைத்தான் மாட்டுவேன் என்றால், பசை தடவி அட்டையில் ஒட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒட்டிவிட்டால் அதைப் பத்திரமாகப் பிரித்தெடுப்பது ரொம்பக் கஷ்டம். மூலைகளில் மட்டும் காகித முக்கோணம் வைத்துப் பிடித்தாலே போதும்.

4. இப்போது சட்டம்

மரம், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), சிந்தடிக் (பிளாஸ்டிக் வகை) மூன்றும் கிடைக்கும். சின்னப் படத்துக்கு சிந்தடிக் தாராளமாகப் போதும், கரையானும் அரிக்காது. எதை எடுத்தாலும் மூலை இணைப்பை விரலால் தடவிப் பாருங்கள். மேடு பள்ளம் தட்டக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இணைப்பு வழியாக ஒளி தெரியக் கூடாது. குறுக்கே மூலைக்கு மூலை அளவு டேப் வைத்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆர்டர் கொடுத்துச் செய்தால் சட்டத்துக்கு அடிக்கணக்கில் விலை சொல்வார்கள். நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கி, சட்டத்தின் அகலத்தைப் போல எட்டு மடங்கு சேருங்கள். 12×18 படம், ஒரு அங்குலச் சட்டம் என்றால் 68 அங்குலம், ஏறக்குறைய ஐந்தே முக்கால் அடி. இந்தக் கணக்கு தெரிந்தால் விலையை நிதானமாகப் பேசலாம். சென்னைக்காரர்களுக்கு பார்க் டவுன் தேவராஜ முதலி தெரு இருக்கிறது. இரண்டு மூன்று கடை ஏறி இறங்கிக் கேளுங்கள்.

5. கண்ணாடியும் பின்பக்கமும்

வீட்டுப் படங்களுக்கு 2 மி.மீ. கண்ணாடி போதும். குழந்தைகள் அறைக்கு அக்ரிலிக் நல்லது, ஆனால் சீக்கிரம் கீறல் விழும். அம்மோனியா கலந்த கிளீனரால் துடைத்தால் மங்கிவிடும். பின்னட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் இடுக்கைச் சுற்றிலும் டேப் ஒட்டி மூடியிருக்கிறார்களா என்று திருப்பிப் பாருங்கள். பூச்சியும் தூசியும் அந்த வழியாகத்தான் போகும்.

6. மாட்டும்போது

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் இருந்தால் நின்று பார்க்க வசதி. நேர் வெயில் விழும் சுவரும், குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். பின்பக்கம் கீழ் மூலைகள் இரண்டிலும் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று போகும், மழைக்காலத்தில் ஓதம் ஏறாது.