மூக்கு நம் பக்கம் திரும்பும்வரை: ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டப் பழகும் முறை

புது ஹெலியை வாங்கி வந்த அன்று சாயங்காலமே மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் த்ராட்டிலை, அதாவது ஹெலியை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கை, தூக்குகிறார்கள். பத்து நொடிக்குள் அது கைப்பிடிச் சுவரில் மோதிக் கீழே விழுகிறது. இரண்டு முறை இப்படி ஆனதும் பெட்டியோடு பரணில் ஏறிவிடுகிறது. அப்படிப் பரணிலிருந்து இறக்கிய மூன்று ஹெலிகளை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பிளேடு மாற்றியதும் மூன்றும் பறந்தன. ஓட்டியவர்களுக்கு எதற்குப் பிறகு எது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நல்ல பயிற்சி விமானம் கையை எடுத்தாலும் கொஞ்ச தூரம் தன்போக்கில் போகும். ஹெலி அப்படி இல்லை. விளக்குமாற்றை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்தி விளையாடியிருப்பீர்கள் அல்லவா? அது விழப் போகும் பக்கம் கை தானாக நகரும், யோசிக்க நேரமே இருக்காது. ஹெலியை ஒரே இடத்தில் நிறுத்துவதும் அப்படித்தான். பழக வேண்டியது விரல்.

எந்த ஹெலி வாங்குவது?

கடையில் மூன்று வகை கிடைக்கும். மேலும் கீழுமாக இரண்டு ரோட்டர் (சுழலும் பிளேடுத் தொகுதி) எதிரெதிராகச் சுற்றும் கோஆக்சியல் வகை ஒன்று. வீட்டுக்குள் பறக்கவிட அருமையானது, குழந்தைகூட ஓட்டும். ஆனால் அதில் பழகிய கை மற்ற ஹெலிக்கு அதிகம் உதவாது. அடுத்தது ஒற்றை ரோட்டர், நான்கு சானல் (நான்கு தனித்தனிக் கட்டுப்பாடு), பிக்ஸட் பிட்ச், அதாவது பிளேடின் கோணம் மாறாதது. டபிள்யூ.எல்.டாய்ஸ் வி911 போன்றவை இந்த வகை. இதில் ரோட்டரின் வேகத்தைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். மூன்றாவது கலெக்டிவ் பிட்ச். ரோட்டர் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, பிளேடின் கோணத்தை மாற்றி ஏற்றி இறக்குவது. தலைகீழாகப் பறப்பதெல்லாம் இதில்தான்.

தொடங்குபவருக்கு என் தேர்வு இரண்டாவது வகை, அதிலும் உள்ளங்கை அளவு சின்னது. எடை குறைவு என்பதால் விழுந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. "பெரிசா இருந்தா நிதானமா நிக்கும்" என்று சொல்லி 450 சைஸ் ஹெலியை முதலிலேயே வாங்கச் சொல்பவர்கள் உண்டு. நிதானமாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் 450 சைஸின் ரோட்டர் சுமார் 70 சென்டிமீட்டர் அகலம். நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றினாலே பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். 2013-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பெரிய மாடல் ஹெலி ஒன்று தாக்கி 19 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அவர் பழகிய கை உள்ளவர். பெரிய ஹெலிக்கு அவசரப்படாதீர்கள்.

ரிமோட்டில் எது எது?

மோட் 2 ரிமோட் எடுங்கள். இடது ஸ்டிக்கை மேலும் கீழும் அசைத்தால் த்ராட்டில், பக்கவாட்டில் அசைத்தால் ரட்டர், அதாவது மூக்கைத் திருப்புவது. வலது ஸ்டிக்கை முன்னும் பின்னும் அசைத்தால் எலிவேட்டர், பக்கவாட்டில் ஐலரான். எலிவேட்டரும் ஐலரானும் ஹெலியைச் சாய்க்கும், சாய்ந்த பக்கம் அது நகரும்.

கட்டைவிரலால் மட்டும் தள்ளாமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஸ்டிக்கைப் பிடித்துப் பாருங்கள். கோலமாவை விரலிடுக்கில் பிடிக்கிற மாதிரி. முதலில் கை கூசும், அப்புறம் அரை மில்லிமீட்டர் அசைவுகூடத் தெரிய ஆரம்பிக்கும்.

சிமுலேட்டர்: தாண்டிப் போகவே கூடாத படி

சிமுலேட்டர் என்பது கணினித் திரையில் ஹெலி ஓட்டிப் பழகும் மென்பொருள். ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ், நெக்ஸ்ட் என்று பல இருக்கின்றன. எதுவானாலும் சரி, கீபோர்டில் ஓட்டாதீர்கள். யூ.எஸ்.பி. வழியாக உங்கள் ரிமோட்டையோ, அதே வடிவில் உள்ள கன்ட்ரோலரையோ இணைத்துக்கொள்ளுங்கள். நான் இந்தப் படியைத் தாண்டித்தான் முதலில் ஓட்டினேன். இரண்டு மாதத்தில் பிளேடுக்கும் வால் மோட்டாருக்கும் செலவழித்த பணத்துக்கு நல்ல சிமுலேட்டரே வாங்கியிருக்கலாம்.

தினமும் இருபது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இது நன்றாக ஏறும். முதல் வாரம் வால் உங்கள் பக்கம் இருக்க, ஒரே இடத்தில் நிறுத்துவது மட்டும்தான். ஹெலி எவ்வளவு தூரம் விலகுகிறது என்று பார்க்காதீர்கள். விலகத் தொடங்கியதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

திருத்துவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹெலி வலப்பக்கம் நகர்கிறது, நீங்கள் இடப்பக்கம் தட்டுகிறீர்கள். அது நின்றுவிடும் என்று நினைப்பீர்கள். நிற்காது. இப்போது இடப்பக்கம் போகத் தொடங்கும். எனவே இடப்பக்கம் ஒரு தட்டு, வேகம் குறையும்போதே வலப்பக்கம் அதைவிடச் சின்னதாக ஒரு தட்டு. இந்த இரண்டாவது தட்டு கைக்கு வராததால்தான் புதியவர்களின் ஹெலி ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடிப் பெரிதாகி விழுகிறது.

பேட்டரி

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கவனமாகப் படியுங்கள். இதில் இருப்பது லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். 3.5 வோல்ட் பக்கம் வரும்போதே இறக்கிவிடுங்கள், 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் செல் கெட்டுவிடும். இரண்டு மூன்று நாள் ஓட்டப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள். சார்ஜ் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள், தூங்காதீர்கள். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். உப்பிய பேட்டரியை இன்னும் ஒரே ஒரு தடவை என்று போடாதீர்கள்.

எங்கே, எப்போது?

எங்கள் பக்கம், சிவகங்கைச் சீமையில், பங்குனி சித்திரையில் கண்மாய் வற்றிக் கிடக்கும். காலை ஆறு மணிக்குப் போனால் காற்றே இருக்காது, விழுந்தாலும் தரை மெத்து மெத்தென்று தாங்கும். உங்கள் ஊரில் அறுவடை முடிந்த வயலோ பள்ளி மைதானமோ இருக்கும். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். ஆடி மாதம் முழுக்க சிமுலேட்டரோடு இருந்துவிடுவது நல்லது. அம்மியே பறக்கும் காற்றில் ஐம்பது கிராம் ஹெலி எங்கே நிற்கும்?

ஹெலியைக் கண்டால் பிள்ளைகள் ஓடி வந்துவிடுவார்கள். விரட்டாதீர்கள், எல்லோரையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்க வையுங்கள். யாராவது முன்னால் வந்தால் உடனே இறக்குங்கள்.

இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் மாடல் ஹெலிக்கும் பொருந்தும். 250 கிராம் வரை உள்ளது நானோ வகை. பொழுதுபோக்குக்காக அதை ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் விமான நிலையம், ராணுவ இடங்கள் பக்கம் போகவே கூடாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் பறக்க அனுமதி உள்ள பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

முதல் முறை தரையிலிருந்து

த்ராட்டில் கீழே இருக்கட்டும். முதலில் ரிமோட்டை ஆன் செய்யுங்கள், பிறகுதான் ஹெலியில் பேட்டரி. கழற்றும்போது இது தலைகீழ்: ஹெலியின் பேட்டரியை எடுத்த பிறகே ரிமோட் ஆஃப். பேட்டரியைச் சொருகியதும் ஹெலியைச் சமமான தரையில் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் ஜைரோ, அதாவது ஹெலி திரும்புவதை உணரும் சென்சார், அந்த ஓரிரு நொடியில்தான் 'அசையாத நிலை' எது என்று படித்துக்கொள்கிறது. கையில் ஆட்டிக்கொண்டே சொருகினால் மேலே போய் ஒரு பக்கமாக இழுக்கும்.

ஹெலியின் வால் உங்களைப் பார்க்க, மூன்று நான்கு மீட்டர் தள்ளி நில்லுங்கள். இப்போது த்ராட்டில். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, பயந்து பயந்து ஒரு சாண் உயரத்திலேயே வைத்திருப்பது. தரைக்கு அருகில் ரோட்டர் தள்ளும் காற்று தரையில் பட்டுக் கலங்கித் திரும்பி வரும். அந்தக் கலக்கத்தில் ஹெலி எண்ணெய்த் தரையில் வழுக்குவது போல அலையும். தயங்காமல் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். அங்கே அமைதியாக நிற்கும்.

வாலைப் பார்க்காதீர்கள், மூக்கைப் பாருங்கள். ரட்டர் கொடுக்கும் பக்கம் திரும்புவது மூக்குதான், வால் எதிர்ப்பக்கம் போகும்.

இன்னொன்று. நிற்கும்போது ஹெலி வலப்பக்கம் ஓர் இம்மி சாய்ந்திருப்பது போலத் தெரியும். அது பழுது இல்லை. பெரும்பாலான மாடல் ஹெலிகளில் மெயின் ரோட்டர், மேலிருந்து பார்த்தால், கடிகார முள் திசையில் சுற்றும். அதன் எதிர்விசையில் உடல் சுற்றிவிடாமல் வால் ரோட்டர் தள்ளிப் பிடிக்கிறது. அந்தத் தள்ளல் மொத்த ஹெலியையும் இடப்பக்கம் நகர்த்தப் பார்க்கும், அதை ஈடுகட்டத்தான் இந்தச் சாய்வு. நேராக்குகிறேன் என்று டிரிம்மைப் (ஸ்டிக்கின் நடுநிலையைச் சற்று நகர்த்தும் பொத்தானை) போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒரு பேட்டரி முழுக்க, இரண்டு மீட்டர் வட்டத்துக்குள் நிறுத்த முடிகிறவரை அடுத்த படிக்குப் போகவேண்டாம். இதற்கு எனக்கு மூன்று வாரம் ஆனது.

மெல்ல மெல்லத் திருப்புங்கள்

இனிதான் உண்மையான பாடம். வால் நம் பக்கம் இருக்கும்போது ஹெலியின் வலது நம் வலது. மூக்கு நம் பக்கம் வந்துவிட்டால் அதன் வலது நம் இடது. எதிரே நிற்பவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது கை தடுமாறுமே, அதே தடுமாற்றம்தான்.

ஒரேயடியாகத் திருப்பிவிடாதீர்கள். நேர் வாலிலிருந்து கொஞ்சம் மட்டும் இடப்பக்கம் திருப்பி நிறுத்துங்கள். தடுமாறினால் உடனே வாலை நம் பக்கம் கொண்டுவந்துவிடலாம். அடுத்த பேட்டரியில் வலப்பக்கம். அப்புறம் இன்னும் கொஞ்சம், முழுப் பக்கவாட்டு வரை. எல்லோருக்கும் ஒரு பக்கம் எளிதாக வரும், மறுபக்கம் வராது. வராத பக்கத்துக்கு இரண்டு பேட்டரி கொடுங்கள்.

மூக்கை நம் பக்கம் திருப்பி நிறுத்துவதை நான் முதலில் கண்மாயில் முயன்றபோது, ஹெலி என்னை நோக்கி மெதுவாக வந்தது. பதறி, தள்ளிப் போ என்பது போல ஸ்டிக்கை முன்னால் தள்ளினேன். அது இன்னும் வேகமாக என் முகத்தை நோக்கி வந்தது. குனிந்துகொண்டேன். பின்னால் இருந்த கருவேல மரத்தில் போய்ச் சிக்கியது. ஹெலி போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அன்று பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் எனக்குப் பின்னால் சற்றுத் தள்ளித்தான் நின்றிருந்தான் என்பது இன்றும் மனத்தை விட்டுப் போகவில்லை.

அதற்கு மருந்து எங்கள் வாழைத் தோட்டத்திலேயே இருந்தது. குலை தள்ளிய வாழை ஒரு பக்கம் சாய்ந்தால், முட்டுக் கம்பை எந்தப் பக்கம் ஊன்றுவார்கள்? சாயும் பக்கம்தான். மூக்கு நம் பக்கம் இருக்கும்போது ஸ்டிக் அந்தக் கம்பு. ஹெலி உங்கள் இடப்பக்கம் சாய்கிறதா, ஸ்டிக்கை இடப்பக்கம் கொடுங்கள். வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம். உங்களை நோக்கி வருகிறதா, ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுங்கள். "அதனுடைய வலது எது, என்னுடைய வலது எது" என்று மனக்கணக்குப் போட நேரம் இருக்காது. சாயும் பக்கம் முட்டு என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். சிமுலேட்டரில் இதை நூறு முறையாவது விழுந்து பழகிவிட்டு, பிறகு மைதானத்துக்கு வாருங்கள். மைதானத்தில் ஏழெட்டு மீட்டர் தள்ளி வைத்து, கண் உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்திப் பழகுங்கள்.

விழுந்தால்

விழப் போகிறது என்று தெரிந்த நொடியே த்ராட்டிலை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சுற்றிக்கொண்டே தரையில் அடித்தால்தான் பிளேடும் ஷாஃப்ட்டும் (ரோட்டரைத் தாங்கிச் சுழலும் தண்டு) போகும். கலெக்டிவ் பிட்ச் ஹெலி என்றால் மோட்டாரை உடனே நிறுத்தும் த்ராட்டில் ஹோல்டு சுவிட்ச், கண்ணை மூடிக்கொண்டும் விரல் அங்கே போக வேண்டும்.

எடுத்ததும் மறுபடி பறக்கவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிளேடு ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், கீறல் தட்டும். ரோட்டரைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழும் ஏறி இறங்கினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. வால் ரோட்டரின் அடியில் புல்லோ தலைமுடியோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு முடி வாலின் பலத்தைப் பாதியாக்கியதை நானே பார்த்திருக்கிறேன். அரை நாள் முழுக்க ஜைரோ கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது மெதுவான வட்டம், இரு திசையிலும். அதற்கடுத்து '8' வடிவத்தில் ஓட்டுவது. எட்டின் இரு முனைகளிலும் திரும்பும்போது மூக்கு எப்போதும் உங்களை விட்டு விலகும்படி திருப்புங்கள், அது சுலபமான எட்டு. அது வந்த பிறகு உங்களை நோக்கித் திரும்பும் எட்டு. இரண்டும் காற்றுள்ள ஒரு மாலையில் தடுமாறாமல் வந்தால், கலெக்டிவ் பிட்ச் ஹெலியின் விலையை விசாரிக்கத் தொடங்கலாம்.