தைரொயிட் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, காலைத் தேத்தண்ணி: மூணையும் நேரம் பிரிச்சு எடுக்கிறது எப்படி

ஒன்பது மாசம் ஒரு நாளும் தவறாம தைரொக்சின் (அதுதான் தைரொயிட் மாத்திரை) போட்டேன், ஆனா ரத்தத்துல பார்க்கிற டிஎஸ்எச், தைரொயிட் குறைஞ்சா ஏறுற அளவு, இறங்கவே மாட்டேன்னு நின்னுச்சு. 18ல ஆரம்பிச்சு 14, அப்புறம் 12. ஒவ்வொரு தடவையும் டொக்டர் டோஸ கூட்டினார், 50 மைக்ரோகிராம் 75 ஆச்சு, 75 நூறாச்சு. கோளாறு மாத்திரையில இல்ல, நான் அதைப் போட்ட நேரத்துல இருந்துச்சுன்னு பிறகுதான் தெரிஞ்சுது. எனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாதுன்னுதான் இத எழுதுறேன். டோஸ் எவ்வளவுன்னு தீர்மானிக்கிறது உங்க டொக்டர், நான் சொல்றது நேரத்தைப் பத்தி மட்டும்.

முதல் வேலை, ரிப்போட் எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பாருங்க. மலைநாட்டுல அட்டன், தலவாக்கலை பக்கம் இருக்கிற நமக்கு உடம்பு குளிருறது ஒரு நோயாவே தெரியாது, பனி கொட்டுற ஊருல எல்லாருக்கும் குளிரும்தானேன்னு விட்டுருவோம். அசதி, முடி கொட்டுறது, மாசவிலக்கு அதிகமா போறது, இதெல்லாம் தைரொயிட் குறைஞ்சாலும் வரும், ரத்தசோகையிலயும் வரும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு வரும். தைரொயிட் குறைஞ்சா மாசவிலக்கு அதிகமாகி இரும்பு போயிரும், இரும்பு குறைஞ்சா தைரொயிட் சுரப்பி ஹோர்மோன் செய்றதும் குறையும். அதனால ஹீமோகுளோபினோட நிக்காம ஃபெரிட்டினும் பார்க்கணுமான்னு கேளுங்க, உடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு அதுதான் காட்டும். எனக்கு ஃபெரிட்டின் 6 தான் இருந்துச்சு. பி 12, விட்டமின் டி ரெண்டும் குறைவு. மரக்கறி மட்டும் சாப்பிடுறவங்க, சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் போடுறவங்க பி 12 பத்தி கட்டாயம் கேளுங்க.

இப்ப நான் சறுக்கின இடத்துக்கு வாறேன், இத நிதானமா வாசிங்க.

நம்ம வீட்டுல விடியக்காலை எப்படின்னு உங்களுக்கே தெரியும். அஞ்சு மணிக்கு அடுப்புல தண்ணி கொதிக்கும், பெரட்டுக்கு (தோட்டத்துல காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற இடம்) போறவங்களோ ஸ்கூலுக்குப் போறவங்களோ கையில வெறுந்தேத்தண்ணி இல்லாம வெளிய இறங்க மாட்டாங்க. நானும் அப்படித்தான், மறந்துறக் கூடாதுன்னு தைரொக்சின், இரும்பு, கல்சியம் மூணையும் உள்ளங்கையில கொட்டி, சுடச்சுட தேத்தண்ணியோட ஒரே விழுங்கு. மாத்திரை போடுறதுல நான் ரொம்ப ஒழுங்குன்னு வேற நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு நாள் டவுன்ல பாமசியில மருந்து எடுக்கிறப்ப அங்க இருந்த அக்கா சீட்டைப் பார்த்துட்டு, "தங்கச்சி, இத மூணையும் எப்ப எப்பப் போடுறீங்க?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். "அப்ப ஒண்ணும் உள்ள போயிருக்காதே"ன்னு சொன்னாங்க. ஒன்பது மாசத்துல அந்தக் கேள்விய கேட்ட முதல் ஆள் அவங்கதான்.

இரும்பும் கல்சியமும் வயித்துக்குள்ளயே தைரொக்சினைப் பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்துக்குப் போக விடாது. தேத்தண்ணியில இருக்கிற டனின் இரும்பைப் பிடிச்சுக்கும். அதனால நேரத்தை இப்படிப் பிரிச்சேன்.

காலை 4.30க்கு எழும்பினதும் தைரொக்சின், வெறும் வயித்துல, வெறும் தண்ணியில. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் எதுவும் இல்ல. 5.30க்குத் தேத்தண்ணி, பிறகு ரொட்டி. இரும்பும் கல்சியமும் தைரொக்சினுக்கு நாலு மணி நேரமாவது தள்ளி இருக்கணும். இரும்பு மாத்திரைய பகல் 12க்கு, சோத்துக்கு முன்னால, தேசிக்காய்த் தண்ணியோட போடுறேன், விட்டமின் சி இரும்பு உள்ள போக உதவும். அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒரு மணி நேரத்துக்குத் தேத்தண்ணி கிடையாது, எனக்குக் கஷ்டமா இருந்தது இதுதான். வயித்தைப் பிரட்டினா சோத்தோட போடலாம், கொஞ்சம் குறைவா உறிஞ்சும், ஆனா நிறுத்துறதவிட நல்லது. மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க. கல்சியம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. விட்டமின் டி எனக்கு வாரத்துக்கு ஒண்ணு, ஞாயித்துக்கிழமை பகல் சாப்பாட்டோட. பி 12க்கு இந்தத் தொல்லை இல்ல.

விடியக்காலை சரிவராதவங்க தைரொக்சினை ராத்திரி படுக்கப் போறப்ப போடலாமான்னு டொக்டர்கிட்ட கேளுங்க, சாப்பிட்டு மூணு மணி நேரமாவது ஆகியிருக்கணும். அப்படிப் போட்டா கல்சியத்தைப் பகலுக்கு மாத்தணும், இரும்போட சேராம. எங்க அம்மா அப்படித்தான் போடுறாங்க, அவங்களுக்கு அதுதான் தோது.

அடுத்தது யாரும் சொல்லாத ஒண்ணு. நேரத்தைச் சரி பண்ணினதும் பழைய டோஸ் கூடிப் போகலாம்! எனக்கு 100 மைக்ரோகிராமும் முழுசா உள்ள போக ஆரம்பிச்சதும் ஆறாவது வாரத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சு, கை நடுங்கி, தூக்கமே இல்ல. செக் பண்ணினா டிஎஸ்எச் 0.1. டொக்டர் 75க்கு இறக்கினார், ரெண்டு மாசத்துல 2.3க்கு வந்து நின்னுச்சு. அதனால நேரத்தை மாத்துறதுக்கு முன்னாலயே டொக்டர்கிட்ட சொல்லுங்க, 6 முதல் 8 வாரத்துக்குள்ள திரும்ப ரத்தம் பாருங்க. அதுக்கு முன்னால பார்த்துப் பிரயோசனம் இல்ல, இந்த மருந்து உடம்புல நிதானமாத்தான் வேலை செய்யும். நெஞ்சு வலி, மூச்சு முட்டுறது வந்தா கிளினிக் நாளுக்குக் காத்திருக்காம 1990 ஆம்புலன்ஸுக்கு அடிங்க.

மாத்திரை வைக்கிற விஷயம். கிழமை நாள் போட்ட பிளாஸ்டிக் பெட்டி எனக்குப் பிடிக்கல, நம்ம ஊரு ஈரத்துக்கு அது சரிவராது. ஆஸ்பத்திரியில கடதாசிக் கவர்ல தந்த மாத்திரை மழை மாசத்துல நமத்து, ஓரம் உதிர்ந்து, விரல்ல மாவா ஒட்டினத நான் பார்த்திருக்கேன். தைரொக்சினுக்கு ஈரமும் ஆகாது வெளிச்சமும் ஆகாது. பட்டையோட (ஸ்டிரிப்) கிடைச்சா பட்டையிலயே வைங்க, இல்லன்னா இறுக்கி மூடுற சின்னப் போத்தல், அடுப்புக்குத் தூரமா. அலாரத்துக்குப் ஃபோன், நேரம் குறிக்க கிளினிக் கொப்பியோட கடைசிப் பக்கம், வேற எந்த அப்பும் தேவையில்ல.

பிறகு சேர்த்தது: இத வாசிச்ச ஒரு அக்கா எல்லாம் சரியா செஞ்சும் டிஎஸ்எச் ஏறுதுன்னு எழுதியிருந்தாங்க. விசாரிச்சா காலை ரொட்டிக்கு நாளாந்தம் சோயா மீட் கறி. சோயாவும் மருந்தை உறிஞ்ச விடாது, பகலுக்கோ ராத்திரிக்கோ மாத்துங்க. இன்னொருத்தங்க முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போட்டிருந்தாங்க, அது ரத்த ரிப்போட்டையே பிழையா காட்டும், ரெண்டு நாளுக்கு முன்னாலயாவது நிறுத்திட்டு ரத்தம் குடுங்க. கோவா (முட்டைக்கோஸ்) தைரொயிட்டுக்கு ஆகாதாமே, சாப்பிடலாமான்னு நிறையப் பேர் கேட்டீங்க, அயடீன் உப்பு பாவிக்கிற வீட்டுல சமைச்ச கோவா அளவா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, பயந்து மரக்கறிய நிறுத்தாதீங்க.

பிள்ளை தங்கினது தெரிஞ்சா அன்னைக்கே மிட்வைஃப் மிஸ்கிட்டயும் டொக்டர்கிட்டயும் தைரொயிட் இருக்குன்னு சொல்லுங்க, அந்த நேரம் டோஸ் கூட்ட வேண்டி வரும், அடுத்த கிளினிக் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. அப்ப இரும்பும் கல்சியமும் கட்டாயம் தருவாங்க, திரிபோஷா சத்துமாவும் தருவாங்க, அதுலயும் சோயா இருக்கு. வேண்டாம்னு சொல்லிராதீங்க, பத்து மணித் தேத்தண்ணி நேரத்துக்குத் திரிபோஷாவ உருட்டிச் சாப்பிடுங்க, 4.30 மாத்திரைக்கு அது நல்லாவே தூரம்.